108 அடிச்சா அக்கவுண்ட்ஸ்ல மணி அடிக்கும்: ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் நம்பர்களின் கதை

இன்னைக்கு எபிசோட் உங்க மேசை ஓரத்தில் தூசி படிஞ்சு கிடக்கிற அந்த ஆபீஸ் போனைப் பற்றியது. குறிப்பா, அதுமேல ஸ்டிக்கர்ல எழுதியிருக்கிற மூணு இலக்க எண்ணைப் பற்றி. சிலர் எக்ஸ்டென்ஷன் என்பார்கள், சிலர் இன்டர்காம் நம்பர் என்பார்கள். இதுல என்னடா வரலாறு இருக்குன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், ஒரு நாள் மதியம் வரைக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸ், ஜி.எஸ்.டி. ரோட்டில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருந்தது. அறுபது பேருக்குள்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பும்போது எங்களில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பையன் பதற்றத்தில் கைக்கு எட்டிய மேசை போனை எடுத்து 108 அடித்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். "சார் விழுந்துட்டாரு, சீக்கிரம் வண்டி அனுப்புங்க" என்று கத்துகிறான். மறுமுனையில், "தம்பி, இது அக்கவுண்ட்ஸ்."

எங்க ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அக்காவின் எக்ஸ்டென்ஷன் 108. வெளியே பேச முதலில் 0 அடிக்கணும். அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? இன்னொருவர் செல்போனில் கூப்பிட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, அவரும் நல்லபடியா வீடு திரும்பினார். ஆனால் அடுத்த நாள், "கம்ப்யூட்டர் படிச்ச பையன்தானே, இந்த போன் நம்பரை எல்லாம் மாத்திக் கொடு" என்று வேலை என் தலையில் விழுந்தது. அப்போது படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

முதல் கேள்வி. எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று ஏன் வேணும்?

இந்தியாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1880களின் தொடக்கத்தில். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றும் முதல் வரிசையில் இருந்தன. அப்போதெல்லாம் எண்ணை நாம் சுழற்றுவது கிடையாது. ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டர் வருவார், யார் வேணும்னு சொன்னால் கம்பியைச் செருகி இணைப்பார். பெரிய ஆபீஸ்களில் இதே பலகையின் குட்டி வடிவத்தை உள்ளேயே வைத்தார்கள். அதுதான் பி.பி.எக்ஸ்., அதாவது ஒரு நிறுவனத்துக்கே சொந்தமான எக்ஸ்சேஞ்ச். வெளி உலகத்துக்கு நாலு லைன், உள்ளே நாற்பது மேசை. நடுவில் ஒரு ஆபரேட்டர்.

நாற்பது மேசைக்கு நாலு லைன் எப்படிப் போதும்? இதற்கு ஒழுங்கான கணக்குப் போட்டவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங். 1917ல் அவர் வெளியிட்ட சூத்திரத்தை இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்க ஆபீஸில் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எல்லோரும் சேர்ந்து 180 நிமிடம் வெளியே பேசுகிறார்கள் என்று வையுங்க. அதாவது சராசரியா எந்த நொடியிலும் மூணு பேர் லைனில். மூணே லைன் வாங்கினால் நூற்றில் சுமார் 35 அழைப்புக்கு லைன் கிடைக்காது. எட்டு லைன் வாங்கினால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்காமல் போகும். ஆக, மேசை ஐம்பதோ நூறோ, எட்டு லைன் போதும். ஒரு டெலிபோன் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்டில் இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்க அப்பா அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். லைன் அபூர்வம், அதைப் பங்கு போட ஒரு பெட்டி, பங்கு வாங்குபவருக்கு ஒரு அடையாளம். அந்த அடையாளம்தான் எக்ஸ்டென்ஷன் எண்.

இந்த யோசனைக்கு நம்ம ஊரிலேயே ஒரு அண்ணன் உண்டு. 1931ல் மெட்ராஸ் பீச்சில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. ரயில்வேயில் கண்ட்ரோல் போன் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு பாதையில் உள்ள அத்தனை ஸ்டேஷனுக்கும் ஒரே ஜோடிக் கம்பி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு குறியீடு. கண்ட்ரோலர் அந்தக் குறியீட்டை அனுப்பினால் அந்த ஸ்டேஷனில் மட்டும் மணி அடிக்கும். கம்பி எல்லோருக்கும் பொது, எண் மட்டும் தனித்தனி. இன்றைக்கும் ரயில்வேக்குத் தனி டெலிபோன் வலைப்பின்னல் இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு அதிகாரி மேசையில் இரண்டு போன் இருந்தால், ஒன்று ஊர் போன், மற்றது ரயில்வே போன்.

சரி, ஆபரேட்டர் இல்லாமல் எண்ணை அடித்தால் தானாக இணைவது எப்போ வந்தது? அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தியவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. 1891ல் தானியங்கி சுவிட்சுக்கு அவர் காப்புரிமை வாங்கியது ஆவணத்தில் இருக்கிற உண்மை. இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14ல் சிம்லாவில் வந்தது, 700 லைன். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. இந்த ஸ்ட்ரோஜர் கருவிகளை இங்கேயே செய்தது.

ஸ்ட்ரோஜர் சுவிட்ச் வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்க. பத்து மாடி, ஒவ்வொரு மாடியிலும் பத்து கதவு இருக்கிற ஒரு கட்டடம் மாதிரி. நீங்க 3 சுழற்றினால் ஒரு உலோகக் கை டக் டக் டக் என்று மூணு மாடி ஏறும். 4 சுழற்றினால் பக்கவாட்டில் நாலு கதவு நகரும். அங்கே இணைந்திருக்கும் கம்பிதான் 34. அதாவது எண் என்பது பெயர் இல்லை, முகவரி. இயந்திரத்துக்குள் ஒரு நிஜமான இடம். அந்த மாடிக்கு லெவல் என்று பெயர். டெலிபோன்காரர்கள் இன்றைக்கும் "2 லெவல்", "4 லெவல்" என்று பேசுவது அங்கிருந்து வந்ததுதான். ஒரு முழு லெவலை வெளி லைன்களுக்கு ஒதுக்கினார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 9, நம்ம ஊரில் பெரும்பாலும் 0. வெளிய பேச 0 அடிங்க என்கிற பழக்கத்தின் வேர் இது.

எண் இடமாக இருந்தால் என்ன சங்கடம்? ஆள் மேசை மாறினால் எண்ணும் மாறும். வேண்டாம் என்றால் ஒருவர் சுவரில் இருக்கிற விநியோகச் சட்டத்துக்குப் போய், பழைய ஜம்பர் கம்பியைப் பிடுங்கி புது இடத்தில் செருகணும். எந்தக் கம்பி எங்கே போகுதுன்னு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அந்த நோட்டை எழுதியவர் ரிட்டயர் ஆனால் கதை முடிந்தது. டாக்குமெண்டேஷன் இல்லாத கோட் என்று நாங்க புலம்புவதற்கு ரொம்ப முன்னாடியே இந்தப் புலம்பல் இருந்திருக்கு.

இங்கே 1984க்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில் மூணு விஷயம் நடந்தது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ், அதாவது மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. தனியார் கம்பெனிகளும் டெலிபோன், இ.பி.ஏ.பி.எக்ஸ். போன்ற வாடிக்கையாளர் கருவிகளைத் தயாரிக்கலாம் என்று அரசு கதவைத் திறந்தது. ஆகஸ்ட் மாதம் சி-டாட் தொடங்கியது. 36 மாதம், 36 கோடி ரூபாயில் இந்தியாவுக்கே ஏற்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் என்பது சாம் பிட்ரோடா குழுவின் வாக்கு. ஏ.சி. இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் ஓடும்படி அவர்கள் செய்த கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986ல் கர்நாடகத்தில் கிட்டூரில் முதலில் ஓடியது. கிராமத்துக்கான பெட்டியும் ஆபீஸுக்கான பெட்டியும் தொழில்நுட்பத்தில் நெருங்கிய சொந்தம்.

மின்னணுப் பெட்டி வந்ததும் எண்ணின் தன்மையே மாறியது. இப்போது எண் ஒரு அட்டவணையில் ஒரு வரி மட்டும்தான். "217 என்றால் 12ஆம் போர்ட்." ஆள் மாறினால் வரியை மாற்றினால் போதும், கம்பியைத் தொட வேண்டாம். புரோகிராமர்களுக்கு இது உடனே புரியும். முகவரிக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு அடுக்கு வந்துவிட்டது.

அடுத்த படியைப் பார்க்க கிண்டி பக்கம் போனால் போதும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் எண்களைக் கவனித்திருக்கிறீர்களா? 2257, அப்புறம் நாலு இலக்கம். அந்த நாலு இலக்கம்தான் உள் எண். வெளியில் இருப்பவர் எட்டையும் அடிக்கிறார், உள்ளே இருப்பவர் கடைசி நாலை அடிக்கிறார், ஆபரேட்டர் நடுவில் தேவையில்லை. ஆபீஸ்களில் பி.ஆர்.ஐ. லைன் என்று வாங்குவது இதே வசதிக்காக. ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம், கூடவே ஒரு தொகுதி எண்கள் வரும்.

இவ்வளவு சுதந்திரம் வந்த பிறகு எங்க ஆபீஸில் எப்படி 108ல் முட்டிக்கொண்டோம்? காரணம் ரொம்ப எளிமை. யாரோ ஒருவர் 101ல் தொடங்கி வரிசையா கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். சின்ன ஆபீஸ்களில் இது சகஜம். ஆனால் இந்தியாவின் தேசிய எண் திட்டத்தில் 1 லெவல் சிறப்புச் சேவைகளுக்கு உரியது. 100 போலீஸ், 101 தீயணைப்பு, 104 மருத்துவ ஆலோசனை, 112 பொது அவசர எண், 1098 குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008ல். எங்க அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ரிசப்ஷன் 100, எம்.டி. 101. தீப்பிடித்தால் எம்.டி.தான் தண்ணீர் ஊற்றணும்.

1098 இன்னும் சுவாரசியம். 109 என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தால், மூணாவது இலக்கத்திலேயே பெட்டி இணைத்துவிடும், 8க்குக் காத்திருக்காது. எந்த எண்ணும் இன்னொரு எண்ணின் தொடக்கமா இருக்கக் கூடாது. கல்லூரியில் ஹஃப்மன் கோடிங்கில் படித்த அதே விதி.

இது வேடிக்கை மட்டும் இல்லை. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டு இறந்தார். அவருடைய ஒன்பது வயது மகள் நாலு முறை 911 அடித்திருக்கிறாள். போகவில்லை. அறை போனில் வெளி லைனுக்கு முதலில் 9 அடிக்கணும். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அந்தக் குழந்தை சரியாகத்தான் செய்தாள். எண் திட்டம்தான் தவறு. 2018ல் அமெரிக்கா காரி சட்டம் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு நிறுவப்படும் இப்படிப்பட்ட போன் அமைப்புகளில் எந்த முன் எண்ணும் இல்லாமல் 911 நேராகப் போகணும்.

எங்க ஆபீஸில் நான் செய்தது ரெண்டே வேலை. எல்லா உள் எண்ணையும் 1ல் இருந்து 2 லெவலுக்குத் தூக்கினேன், 115 என்பது 215 ஆனது. 100, 101, 108, 112 நாலும் 0 இல்லாமலேயே வெளியே போகும்படி அமைத்தேன். பெட்டியில் இதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. மனிதர்களிடம்தான் மூணு வாரம் ஆனது. விசிட்டிங் கார்டு அடித்தாச்சு, 101 ராசியான நம்பர், பழகிடுச்சு, இப்படி ஆளுக்கு ஒரு காரணம். கடைசியில் அக்கவுண்ட்ஸ் அக்காதான் முதல் ஆளா மாறினார். "அந்த போனை எடுத்தது நான்தானேப்பா, எனக்கு இந்த நம்பர் வேண்டாம்" என்றார். அதுக்கு மேல யாரும் வாதாடவில்லை.

கதை இங்கே முடியவில்லை. 1999ல் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தன் சின்ன கம்பெனிக்கு பி.பி.எக்ஸ். வாங்கக் காசில்லாமல் தானே மென்பொருளாக எழுதினார். அதுதான் ஆஸ்டரிஸ்க். பெட்டியே மறைந்து லினக்ஸ் சர்வர் ஆனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கால்சென்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியது. அந்த நவம்பரில் கால்சென்டர்களுக்கான பதிவு முறையே நீங்கியது. 2021 ஜூனில், அவர்களின் இ.பி.ஏ.பி.எக்ஸ். உலகத்தில் எங்கு வேணும்னாலும் இருக்கலாம் என்றார்கள். இன்றைக்கு 215 என்பது லேப்டாப்பில் ஒரு செயலி. அது தாம்பரத்தில் இருக்கலாம், மதுரையில் இருக்கலாம்.

ஸ்ட்ரோஜர் காலத்தில் எண் ஒரு இடம். பிறகு அட்டவணையில் ஒரு வரி. இப்போது அதற்கு இடமே இல்லை. வசதிதான். ஆனால் மதுரையில் உட்கார்ந்து தாம்பரத்து எக்ஸ்டென்ஷனில் இருந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டால், வண்டி எங்கே வரும்? இந்தக் கேள்விக்கு உங்க ஆபீஸில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கணும்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். நாளைக்கு ஆபீஸ் போனதும் சும்மா 108 அடித்துப் பார்க்காதீங்க, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அது தொந்தரவு. அட்மினைக் கேட்டு எண் பட்டியலை வாங்கிப் பாருங்க. 1ல் தொடங்கும் எண் ஏதாவது யாருடைய மேசையிலாவது இருந்தால், அவர்கிட்ட இந்த எபிசோடைக் கொடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.