துவிச்சக்கரவண்டியின் ஓசைகள்

பழைய துவிச்சக்கரவண்டியொன்று ஒழுங்கையிற் திரும்புமுன்னரே அதன் வரவைக் காது அறிந்துவிடும். ஒரு வண்டி கிறீச்சிடும். மற்றொன்று 'டக் டக்' என்று தட்டும். வேறொன்று கடகடவென அதிரும். உடையவர் நாளடைவில் அவ்வோசைக்குப் பழகிப்போகிறார். ஆயினும் வண்டியின் வரலாற்றை அறிந்தோருக்கு அது வெறும் இரைச்சலன்று. இருநூறு ஆண்டுகளில் வண்டியாக்கியோர் ஒன்றன்பின் ஒன்றாய்த் தீர்த்துவைத்த இடர்ப்பாடுகளே, பராமரிப்புக் குறைந்தவிடத்து மீண்டும் தலைகாட்டுகின்றன.

1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்கு மிதிகள் இல்லை. காலால் நிலத்தை உந்தியே அதனைச் செலுத்தினார். 1860 களிற் பாரிஸ் நகரத்து மிஷோவின் பட்டறையிலிருந்து, முன்சில்லில் மிதி பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. இரும்புப்பட்டை இறுக்கிய அவற்றின் மரச்சில்லுகள் கல்பாவிய தெருக்களில் எழுப்பிய அதிர்ச்சியைப் பொறுக்கமாட்டாத ஆங்கிலேயர், அவ்வண்டிக்கு 'எலும்புகுலுக்கி' என்றே பெயரிட்டனர்.

அச்சு தேய்ந்து முனகும் குறையை முதலில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே. சில்லின் குடத்தினுள் உருக்குக் குண்டுகளை இட்டு, உராய்வை உருள்வாக மாற்றும் முறைக்கு 1869 ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து றூவான் வரை நடந்த நெடும்பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது அத்தகைய குண்டுகள் பூட்டிய வண்டியிலேயே என்பர். இன்றும் பழைய வண்டியின் சில்லு அரைபடும் ஓசை எழுப்பினால், கிறீஸ் வற்றியதென்றோ குண்டொன்று உடைந்ததென்றோ கொள்ளலாம். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுவது போதாது. குண்டுகள் யாவற்றையும் ஒருங்கே மாற்றி, புதுக் கிறீஸ் இட்டு, கோன் எனப்படும் கூம்பை அளவாக இறுக்குதல் வேண்டும். மிக இறுகினாற் சில்லு அரைபடும், தளர்ந்தால் ஆடும்.

1880 ஆம் ஆண்டில் மான்செஸ்ரரில் ஹான்ஸ் றெனோல்ட் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885 இல் கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி அமைத்த 'றோவர்' வண்டி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கியது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியரான டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். அதன்பின் தெருவின் இரைச்சல் அடங்கியது; வண்டியின் சிற்றோசைகள் தெளிவாகக் கேட்கலாயின.

அவ்வோசைகளின் இருப்பிடத்தை அறிவதற்குக் கணக்கே துணை. முன்பற்சில்லில் 48 பற்களும் பின்னதில் 18 பற்களும் உள்ள வண்டியில், மிதி மூன்றுமுறை சுற்றும்போது பின்சில்லு எட்டுமுறை சுற்றும். ஆகவே, ஓசை மிதியின் சுற்றைத் தொடர்கிறதா, சில்லின் சுற்றைத் தொடர்கிறதா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிதி இரண்டு சுற்றுக்குச் சற்று மேலே சுற்றும்போது ஒருமுறை மட்டும் ஓசை கேட்குமாயின், சங்கிலியின் ஒரு கண்ணி இறுகியிருத்தல் கூடும். மிதிப்பதை நிறுத்தியபின்னும் ஓசை தொடர்ந்தாற் குறை சில்லிலோ, பிறேக்கிலோ, மட்காட்டிலோ உள்ளது. பிறீவீலின் மெல்லிய 'டிக் டிக்' ஓசையோ நோயன்று. அது சட்டென அடங்கினால்தான் ஐயுறவேண்டும். தடித்த கிறீஸில் அதன் நாக்குகள் ஒட்டிக்கொள்ள, மிதி வெறுமனே வழுக்கி ஓட்டியை வீழ்த்திவிடும்.

ஒவ்வொரு மிதிச்சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' எனத் தட்டினாற் பெரும்பாலும் கொற்றர் ஆணி தளர்ந்திருக்கும். மரையை மட்டும் இறுக்குவதாற் பயனில்லை. கிராங்கின் அடியில் கனத்த இரும்பைத் தாங்கலாய் வைத்து, ஆணியைச் சுத்தியலால் உள்ளே அடித்தபின்னரே மரையை முடுக்கவேண்டும். சங்கிலி கரகரத்தால் அதனை அளந்து பார்க்கலாம். புதுச் சங்கிலியின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் நீளும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் எண்ணெய் அதற்கு மருந்தாகாது. எழுந்து நின்று மிதிக்கையில் கிறீச்சொலி மறைந்தால் இருக்கையின் வில்லையே நோக்கவேண்டும்.

இவற்றுள் எதிலும் அடங்காத ஓசையே அஞ்சத்தக்கது. சட்டத்தின் பொருத்துகளிலோ முன்கவரின் அடியிலோ வண்ணப்பூச்சு மயிரிழைபோல் வெடித்துத் துருக்கசியுமாயின், அங்கே உலோகம் பிளக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு எண்ணெய் இட்டு ஓசையை அடக்குதல் ஆபத்தையே மறைப்பதாகும். அவ்வண்டியிற் பிள்ளையை ஏற்றிச் செல்லலாகாது.

இச்செவியறிவின் பெறுமதியை யாழ்ப்பாணம் நன்கு கண்டது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றது; எரிபொருள் கிடைத்தற்கரியதாயிற்று. நோயாளரும், விறகும், இடம்பெயர்ந்தோரின் மூட்டைகளும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றன. உதிரிப்பாகங்கள் அரிதான அந்நாளிற் குறையை முளையிலேயே கேட்டறிந்து திருத்துவதே வழி. மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தமையால், மக்கள் வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலி கேட்டனர். சுற்றுவோர் ஒருவர், கூடியிருந்து கேட்போர் பலர். அங்கே சில்லு கடகடத்தாற் செய்தி காதில் விழாது. நன்கு பேணப்பட்ட வண்டியே நாட்டு நடப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது.