முதலாம் அத்தியாயம் எங்கிருந்து வந்தது?

பொருளியலைப் புதிதாகப் படிக்க வரும் மாணவருக்கு உலகமெங்கும் அநேகமாக ஒரே அத்தியாயந்தான் முதலில் படிப்பிக்கப்படுகின்றது. மனிதத் தேவைகள் எல்லையற்றவை, வளங்கள் எல்லைக்குட்பட்டவை, ஆகவே தெரிவு தவிர்க்க முடியாதது, தெரிவு என்றால் சந்தர்ப்பச் செலவு உண்டு. அதன்பின் உற்பத்திச் சாத்திய வளையி, அதன்பின் கேள்வியும் நிரம்பலும். இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருடங்கள் முதலாம் வருட மாணவருக்கு இதைத் தமிழில் படிப்பித்தேன். இன்று சுவிசில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பாகங்கள் கடையும் இயந்திரங்களின் முன் நிற்கின்றேன். எம்மவர் பிள்ளைகள் பலர் இங்கு பொருளியல் படிக்கின்றனர். சந்தேகம் கேட்க வருபவர்களின் ஜேர்மன் மொழிப் புத்தகத்திலும் அதே அத்தியாயம், அதே வளையி.

இந்த அத்தியாயம் பொய் என்று வாதிடுவது எனது நோக்கமல்ல. கிடைப்பருமை உண்மையானதே. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தக் கிடைப்பருமையை இயற்கை உண்டாக்கவில்லை. பொருளாதாரத் தடை உண்டாக்கியது. தட்டுப்பாட்டை யார் உண்டாக்குகின்றார்கள் என்ற வினா முதலாம் அத்தியாயத்தில் இல்லை. அது ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கணிசமான பகுதி நாம் வாழும் இந்தச் சிறிய நாட்டிலேயே நடந்தது. அதில் சம்பந்தப்பட்டோரும் எம்மைப் போல் ஊர்விட்டு ஊர் போனவர்களே.

ஜெனீவா

சிஸ்மொண்டி 1773இல் ஜெனீவாவில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் அலை ஜெனீவாவை எட்டியபோது வசதியான அவரது குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. திரும்பி வந்து சிறை கண்டது. 1795இல் இத்தாலியின் தொஸ்கானாவுக்குச் சென்று ஒரு சிறு பண்ணையில் பயிர் செய்தது. 1800இல் ஊர் திரும்பிய சிஸ்மொண்டி 1803இல் எழுதிய முதலாவது பொருளியல் நூலில் அடம் ஸ்மித்தின் நல்ல மாணவராகவே காணப்படுகின்றார். 1819இல் வெளிவந்த 'அரசியல் பொருளாதாரத்தின் புதிய கோட்பாடுகள்' வேறு திசையில் செல்கின்றது. இடையில் நெப்போலியனின் போர்கள் முடிந்திருந்தன. பண்டசாலைகளில் விற்பனையாகாத துணி குவிந்துகிடக்க, அதை நெய்தவர்கள் பட்டினி கிடந்த நெருக்கடியை இங்கிலாந்து கண்டது.

உற்பத்தி தனக்கான கேள்வியைத் தானே உண்டாக்கிவிடும் என்று சேயும் ரிக்கார்டோவும் கூறினர். சிஸ்மொண்டி அதை ஏற்கவில்லை. கூலியைக் குறைத்துக்கொண்டே உற்பத்தியைப் பெருக்கினால், பெருகிய பொருளை யார் வாங்குவது? அவரைப் பொறுத்தவரை விளக்கப்பட வேண்டியது பொருள் இல்லாமையால் வரும் பட்டினி அல்ல, பொருள் மிகுந்திருக்கையில் வரும் பட்டினி. இங்கிலாந்தின் அரசர் தீவில் தனியாக இருந்து ஒரு கைபிடியைச் சுழற்ற, இயந்திரங்களே நாட்டின் முழு உற்பத்தியையும் செய்து முடித்தால் அது செல்வப் பெருக்கம் ஆகிவிடுமா என்று அவர் ரிக்கார்டோ தரப்பினரைக் கேலி செய்தார். ஒரு ஆள் ஆறு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மண்டபத்தில் இரவு வேலை செய்பவனுக்கு இந்தக் கேலி இருநூறு வருடப் பழையதாகத் தெரிவதில்லை.

லொசான்

வல்ராஸ் பிரெஞ்சுக்காரர். பத்திரிகையிலும் றெயில்வேக் கந்தோரிலும் வேலை செய்த அவருக்குத் தாய்நாட்டில் ஒரு கல்விப் பதவி கிடைக்கவில்லை. 1870இல் லொசான் அக்கடமி அவருக்கு இடம் கொடுத்தது. 1874இலும் 1877இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது 'தூய பொருளியலின் மூலகங்கள்' எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வருவதைச் சமன்பாடுகளால் காட்ட முயன்றது. 1893இல் அவரது இடத்துக்கு வந்த இத்தாலியரான பரேற்றோ, நுகர்வோனின் விருப்பங்களைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறையை வளர்த்தெடுத்தார். 1934இல் ஹிக்சும் அலனும் அதை ஆங்கில உலகுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு இரு வருடங்கள் முன்னர், 1932இல், ஆஸ்திரியப் பொருளியலாளரிடம் அதிகம் கற்ற லண்டன் பேராசிரியர் றொபின்ஸ், அருமையான வளங்களுக்கும் பல்வேறு நோக்கங்களுக்கும் இடையிலான தெரிவே பொருளியலின் விடயம் என்று வரையறுத்திருந்தார். 1948இல் வெளிவந்த சாமுவெல்சனின் பாடநூல் இந்த மரபுகளுடன் கெயின்சையும் சேர்த்து உலகின் விரிவுரை மண்டபங்களுக்கு எடுத்துச் சென்றது. அங்கிருந்து கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வல்ராஸ் தனது பொருளியலை மூன்று பகுதிகளாகவே வகுத்தார்: தூய பொருளியல், பிரயோகப் பொருளியல், சமூகப் பொருளியல். சொத்து யாருடையது, பங்கீடு நீதியானதா என்ற வினாக்கள் மூன்றாவதற்குரியவை. நிலத்தை அரசு வாங்கித் தேசிய உடைமையாக்க வேண்டும் என்பது அவர் கடைசிவரை கைவிடாத கருத்து. பாடநூல்கள் முதற் பகுதியை எடுத்துக்கொண்டன. மூன்றாவதை லொசானிலேயே விட்டுவிட்டன. முதலாம் அத்தியாயத்தில் சொத்து இல்லாமற் போனதற்கு வல்ராசைக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல.

சூரிச்

ரோசா லுக்சம்பேர்க் 1889இல், பதினெட்டு வயதில், ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்திலிருந்து தப்பி சூரிச் வந்தார். பெண்களுக்கு அப்போதே பட்டம் வழங்கிய சில பல்கலைக்கழகங்களுள் சூரிச் ஒன்று. 1897இல் அவர் பெற்ற கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு போலந்தின் கைத்தொழில் வளர்ச்சி பற்றியது. போலந்தின் தொழிற்சாலைகள் ரஷ்யச் சந்தையை நம்பியே வளர்ந்தன என்று புள்ளிவிபரங்களுடன் காட்டி, சுதந்திரப் போலந்து என்ற கோரிக்கைக்குப் பொருளாதார அடித்தளம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். சுதந்திரம் கோரிய போலந்துச் சோசலிசவாதிகளுடன் அவர் நடத்திய விவாதம் கடுமையானது. அவரது முடிவின்படி வரலாறு நடக்கவில்லை. 1918இல் போலந்து சுதந்திர நாடானது. ஆயினும் சொந்த மக்களின் பொருளாதாரத்தைப் புகலிடத்திலிருந்து, சொந்தத் தரப்பு கோபிக்கும் என்று தெரிந்தும், கணக்குப் பார்த்து எழுதிய துணிவை நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

1898இல் ஜேர்மன் பிரசாவுரிமைக்காகப் பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டு அவர் பேர்லின் சென்றார். விசாவுக்காகச் செய்யும் கலியாணம் எம்மவருக்குப் புதிதல்ல. 1907இல், சமூக ஜனநாயகக் கட்சி நடத்திய பாடசாலையில் படிப்பித்த வெளிநாட்டவர்களான ஹில்ஃபர்டிங்கையும் பன்னேகூக்கையும் பிரஷ்யப் பொலிசார் தடுத்தபோது, பொருளியல் பாடம் ரோசாவின் கைக்கு வந்தது. அந்தத் திருமணப் பத்திரம் இல்லாவிடில் அவரும் அங்கு படிப்பித்திருக்க முடியாது.

அந்த விரிவுரைகளிலிருந்து பிறந்ததே 'பொருளியலுக்கு ஓர் அறிமுகம்'. 1919 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டபோது அது முடிக்கப்படாத கையெழுத்துப் பிரதி. 1925இல் போல் லெவி அதை வெளியிட்டார். அதன் முதலாம் அத்தியாயம் பேராசிரியர்களின் வரைவிலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எதையும் விளக்கவில்லை என்று காட்டுகின்றது. ஒரு குடியானவக் குடும்பத்தில் யார் எதை, யாருக்காகச் செய்கின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கு விஞ்ஞானம் தேவையில்லை. மனிதர் செய்ததே மனிதருக்கு விளங்காமல், நெருக்கடியும் வேலையின்மையும் புயல்போல் வந்து இறங்கும் சமுதாயத்துக்கே பொருளியல் தேவைப்படுகின்றது என்பது அவரது வாதம். இந்த அறிமுக நூலை முடிக்க முயன்றபோது எதிர்ப்பட்ட சிக்கலே 1913இல் 'மூலதனத்தின் திரட்சி' ஆகியது. அதில் அவர் திரும்பிச் சென்று விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜெனீவாவின் சிஸ்மொண்டி. ரோசாவின் விடையை மார்க்சியர்களே பலர் மறுத்தனர். ஆனால் வினா நிலைத்தது.

எமக்கு இதனால் என்ன?

தொழிற் சந்தையைப் பற்றிய வளையியை எடுத்துக்கொள்வோம். அங்கு தொழிலாளி கூலியைப் பார்த்து வேலையைத் தெரிவு செய்கின்றார். சுவிசில் 1934 முதல் 2002 வரை இருந்த பருவகாலத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தவர் வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும் இருக்கலாம். முதலாளியை மாற்ற முடியாது. குடும்பத்தை அழைக்க முடியாது. 1970களின் நடுப்பகுதி நெருக்கடியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியேறினர். பதிவான வேலையின்மை வீதமோ ஒன்றைத் தாண்டவில்லை. வேலையின்மை இல்லாமற் போகவில்லை. அது இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் றெயிலேறியது. நிரம்பலைக் குறைத்தது கூலியல்ல, அனுமதிப்பத்திரம்.

மலையகத்தைப் பாருங்கள். 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணிக் கொடுத்தது. பேர்னிலும் கொழும்பிலும் அரசுகள் வேறு. கூலியாட்களை வேண்டியபோது வரவழைத்து, வேண்டாதபோது அனுப்பும் கணக்கு வேறல்ல.

பாடநூலைத் தூக்கி எறியுங்கள் என்று சில பழைய தோழர்கள் கூறுவர். எனக்கு உடன்பாடில்லை. பரீட்சையில் பிள்ளை வளையியை வரையத்தான் வேண்டும். அதைச் சரியாக வரையத் தெரியாதவருக்கு அதை விமர்சிக்கும் தகுதியும் வராது. பொருளியல் வேறு, அரசியல் வேறு என்று கூறும் நண்பர்களுடனும் உடன்பட முடியவில்லை. மேலே சொன்ன வளையிகளை வரைந்தவை சட்டங்களே.

தமிழில் எமக்கென ஒரு அறிமுக நூல் வேண்டும். அதன் முதலாம் அத்தியாயம் மூன்று வினாக்களுடன் தொடங்கலாம்: இங்கு எது தட்டுப்பாடு? அதை யார் உண்டாக்கினர்? அதன் சுமை யார் தலையில்? கிடைப்பருமையும் தெரிவும் இரண்டாம் அத்தியாயத்தில் வரட்டும். இப்படியொரு நூலை ஒருவர் தனித்து, அதுவும் வேலை முடிந்த களைப்பில், எழுதிவிட முடியாது. ஈழத்தில் இப்பாடத்தைப் படிப்பித்தவர்கள் இன்று ஐரோப்பாவின் தொழிற்சாலைகளிலும் சமையலறைகளிலும் பரந்திருக்கின்றனர். இங்கேயே பட்டம் பெற்ற இளையவர்களும் இருக்கின்றனர். அவர்கள் மறுப்பதானாலும் எழுதட்டும். அடுத்த இதழிலிருந்து தொடங்கலாம்.