ஊர்கோலமும் வாத்திய உரிமையும்

நம்மவர் இல்லங்களில் மணம் பேசி முடித்து நாளும் குறித்தபின், பந்தற்காரரையும் சமையற்காரரையும் அமர்த்துவதிற் காட்டும் கவலையில் நாலில் ஒரு பங்குதானும் ஊர்கோலத்துக்குரிய வாத்தியத்தைத் தெரிந்தெடுப்பதிற் காட்டப்படுவதில்லை. மண்டபத்தார் ஒரு மேளத்தைப் பேசித் தருவர். பிள்ளைவீட்டு இளைஞர் பாண்டு வேண்டும் என்பர். பெண்ணின் தாய்மாமன் மலையாள தேசத்துச் செண்டைமேளத்தை வருவிப்பார். ஒன்றும் கூடாதபோது ஒலிபெருக்கியிற் சினிமாப் பாட்டு முழங்கும். எதனையும் எவரும் தடுப்பதில்லை. தடுப்பாரின்மையினாலேயே இதனை அற்ப விஷயமாக நாம் கருதுகின்றோம் போலும். முன்னாளில் இன்ன வகுப்பார் இன்ன வாத்தியத்தை இன்ன தெருவில் முழக்கிச் செல்லலாம் என்பது அரசர் ஆணையாலும், பின்னர்க் கும்பினியார் தீர்ப்பாலும் வரையறுக்கப்பட்ட பெருவழக்காக இருந்தது. அவ்வரலாற்றிற் சிலவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

பழைய நூல்களை நோக்குமிடத்து, சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலில் கோவலன் கண்ணகியர் மணச்செய்தி யானைமீது அமர்ந்த மகளிரால் நகருக்கு அறிவிக்கப்படுகின்றது, முரசும் முருடும் முழங்குகின்றன, சங்கம் ஒலிக்கின்றது, வெண்குடைகள் அரசன் உலாப் போந்தாற்போல எழுகின்றன. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கண்ட மணக்கனவிலும் மத்தளமும் சங்குமே கேட்கின்றன. இவ்விரண்டிடத்தும் நாகசுரம் இல்லை. கோவலனோ புகார் நகரத்துப் பெருவணிகன் மகன். அவனுக்கு எளிதில் வாய்த்த வரிசை எல்லார்க்கும் வாய்த்திலது.

இதற்குச் சான்று கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் சாசனம் ஒன்று. கோனேரின்மைகொண்டான் என்னும் விருதுப்பெயருடைய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு விடுத்த ஆணை அது. தன் 15-ஆம் ஆட்சியாண்டு ஆடித் திங்கள் முதற்கொண்டு அவர்கள் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியிற் புறப்படுங்கால் செருப்பு அணியலாம். வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவ்வரசன் இசைவளிக்கின்றான். இதனைப் படிக்குங்கால் மகிழ்ச்சியினும் திகைப்பே மிகுகின்றது. தேரும் தாலியும் ஏர்க்கொழுவும் செய்தளித்த மக்கள் தம் மகள் மணத்திற் சங்கு ஊதுவதற்கு அரசன் ஆணை பெறவேண்டியிருந்தது! இப்போது கொடுக்கப்பட்டது என்றால், அதற்குமுன் மறுக்கப்பட்டிருந்தது என்பது தானே பெறப்படும். ஒற்றையன்று, இரட்டைச் சங்கு என எண்ணிக்கையும் விடாது குறித்தமை காண்க. சங்கும் செருப்பும் சுவர்ச்சாந்தும் ஒரே ஆணையில் அடுத்தடுத்து நிற்றலால், அக்காலத்தார் மணவாத்தியத்தை எதனோடு சேர்த்து எண்ணினர் என்பதும் விளங்கும். இத்துணை அரிதிற் பெற்ற சங்கு இந்நாளில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இழவுவீட்டுக்கே உரியதாகி, மணவீட்டார் அஞ்சும் பொருளாயிற்று. காலத்தின் கோலம் என்பதன்றி வேறென் சொல்வது!

சென்னைப்பட்டணத்தில் இவ்வழக்கு இன்னும் கடுமையான உருக்கொண்டது. கும்பினியார் அங்குக் குடியேறி 12 ஆண்டுகளே சென்றிருந்த 1652-இல், மண ஊர்வலமும் பிண ஊர்வலமும் எத்தெரு வழியே செல்வது என்பது பற்றி வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் கலகம் மூண்டு, கோட்டைத் துரைமார் தெருக்களைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி நேர்ந்தது. பங்கீடு நிலைத்திலது. 1707-இல், தாமஸ் பிட் என்பார் கவர்னராயிருந்த காலத்து, இடங்கையாரின் மண ஊர்கோலம் ஒன்று வலங்கையார் தமக்கே உரியதென்று கருதிய தெரு வழியே சென்றது. அதனால் விளைந்த பகையில் வலங்கையாருட் பலர் பட்டணத்தை விட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். வேலைக்கு ஆளின்றிக் கும்பினியார் இடர்ப்பட்டு, அவர்களை மீட்டழைக்கப் பெரிதும் முயன்றனர். ஒரு மணமகன் சென்ற வழி ஒரு பட்டணத்தின் தொழிலையே நிறுத்திற்று. நம் முன்னோர் அப்பகையில் எப்பக்கம் நின்றனர் என ஆராய்ந்து பெருமை பேசுதற்கு இஃது இடமன்று.

பிற்காலத்தே நீதிமன்றங்கள் வழி திறந்தன. சமய ஊர்வலம் பற்றி எழுந்த ஒரு வழக்கில், வாத்தியத்துடனோ வாத்தியமின்றியோ பொதுத் தெருவிற் செல்ல எத்திறத்தார்க்கும் உரிமை உண்டு; பிறர் போக்குவரவுக்கு இடையூறு கூடாது; அமைதி காக்கும் பொருட்டு மாஜிஸ்திரேட்டு இடும் கட்டளைக்கு அடங்கவேண்டும் என 1883-இல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1924-இல் அந்நெறியைத் தழுவிற்று. சமூக ஊர்வலம் நடத்தலைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1976-இல் அது திருத்தப்பெற்றவாறு, தண்டனைக்குரிய குற்றம். அவ்வாறிருந்தும் பட்டியல் வகுப்பாரின் மண ஊர்வலம் மறிக்கப்பட்ட செய்தி இன்றும் வாராமலில்லை.

இனி, பாண்டு வாத்தியத்தை அந்நியம் என்று ஒரே வாக்கில் தள்ளுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய வாத்தியங்களைக் கொண்ட பாண்டு ஒன்றை அரண்மனையில் அமைத்துப் போற்றினார். முத்துசுவாமி தீட்சிதரே பாண்டுக்காரர் வாசித்த மேல்நாட்டு மெட்டுக்களைக் கேட்டு நொட்டுஸ்வர சாகித்தியங்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் இராஜ வாழ்த்து மெட்டில் அமைந்தது. பாண்டின் குறை பிறப்பிலன்று, இயல்பில் உளது. அஃது அடியெடுத்து நடப்பதற்கென்றே அமைந்த வாத்தியம், நில்லாது செல்லும். பழைய ஊர்கோலமோ நின்று நின்று செல்வது. தெருமுனைதோறும் ஊர்கோலம் நிற்கும்; தவுல் அடங்கும்; ஒத்து மாத்திரம் ஒலிக்க, நாகசுரக்காரர் தோடியையோ காம்போதியையோ விரித்து ஆலாபனை செய்வார்; ஊரார் திண்ணையில் இருந்தும் வாயிலில் நின்றும் கேட்பர். அழைப்பிதழ் பெறாதவரும் அவ்விருந்தில் பங்கு கொண்டனர். இதனைப் பாண்டும் தராது, பதிவிசையும் தராது.

இவ்விருந்தை அளித்தவர்களை நாம் நடத்திய விதத்தை மறைத்தலும் தகாது. வாத்திய உரிமைக்காகப் போராடிய வகுப்பாரே அவ்வாத்தியம் வாசிப்போரைச் சட்டையின்றி, மேல்வேட்டியை இடுப்பிற் கட்டி, வெறுங்காலோடு தம்முன் நடக்கச் செய்தனர். கருவூர்க் கம்மாளர்க்குச் செருப்பு மறுத்த மனமும் இம்மனமும் ஒன்றே. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவ்வழக்குக்கு இணங்காது, கோட்டும் காற்சோடும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். உரத்த திமிரி நாயனத்தை விடுத்து நீண்ட பாரி நாயனத்தை அவர்பொருட்டு அமைத்துக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. அவ்வூர் நாகசுரம் 2022-இற் புவிசார் குறியீடு பெற்றது.

வாத்தியம் பேசும்போது மணவீட்டார் வித்துவானை நேரிற் கண்டு, ஊர்கோலத்துக்கு எவ்வளவு தூரம், எங்கெங்கே நிற்பது என்பவற்றைச் சொல்லி, இராகத் தெரிவை அவரிடமே விடுதல் நலம். மல்லாரி வேண்டும் என்று வற்புறுத்தற்க. அது சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. மண்டபத்துள்ளே பாட்டுக் கேட்பின், குறிஞ்சி இராகத்துத் தியாகராஜர் கிருதியாகிய சீதா கல்யாணம் எல்லார்க்கும் தெரிந்தது. நாகசுரமும் தவுலும் வீதிக்கு அளவான ஒலியுடையன. தாழ்ந்த கூரையின்கீழ் மேடையோரத்தில் நெருக்கி உட்காரவைத்துவிட்டுப் பின்னர்ச் சப்தம் மிகுதி என்று அவர்களைக் கடிதல் அழகன்று. எதிர்க்கோடியில் இடம் ஒதுக்குக. தாலி கட்டிக் கெட்டிமேளம் ஓய்ந்தபின், முதற்பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடும்படி பந்தி விசாரிப்பவரிடம் முன்னதாகச் சொல்லிவைத்தலும் வேண்டும்.