தொண்டை வலியும் இதய வால்வும்: ஒரு கிருமியின் வரலாறு



பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே ஆறிவிடும். சிலருக்கு மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும். நுண்ணோக்கியில் மணிமாலை போலத் தெரியும் இக்கிருமிக்கு 1874-இல் பெயர் வைத்தவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ராத்.

இதன் வலிமை எதில் இருக்கிறது என்று கண்டவர் நியூயார்க்கின் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு அம்மையார். கிருமியின் மேலுள்ள 'எம்' புரதம், நம் வெள்ளையணுக்கள் அதை விழுங்கவிடாமல் காக்கிறது. அந்தப் புரதம் நம் இதயப் புரதங்களின் சாயலில் இருப்பதால், கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடல் சிலருக்குத் தன் இதயத்தையே தாக்கிவிடுகிறது. தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், மூட்டு வீக்கம் வரும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். பிறகு இதய வால்வு பழுதாகலாம்.

பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பதை 1950-இல் அமெரிக்க விமானப்படை முகாமில் நடந்த ஆய்வு காட்டியது. 1954-இல் புனே அருகே பிம்ப்ரியில் நம் அரசே பென்சிலின் ஆலை நிறுவியது. ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு உரிய நேரத்தில் மருந்து கிடைக்கவில்லை. வால்வு பழுதானவர்கள் பெருகினார்கள். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் நம் நாட்டிலேயே வால்வு உருவாக்கி, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பெருமைதான். ஆனால் சில ரூபாய் மருந்தில் தடுத்திருக்க வேண்டிய நோய் அது.

இன்னொரு வியப்பு: இத்தனை ஆண்டுகள் கழித்தும் இக்கிருமி பென்சிலினை வெல்லவில்லை. ஆனால் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு முக்கியமான மாற்று மருந்துகள் இவையே. பின்லாந்தில் 1992-இல் 16.5 சதவீத கிருமிகள் எரித்ரோமைசினுக்கு அடங்கவில்லை. அந்நாட்டு மருத்துவர்கள் இவ்வகை மருந்துகளை எழுதுவதைக் குறைத்தார்கள். 1996-இல் அது 8.6 சதவீதமாக இறங்கியது. நாம் பழக்கத்தை மாற்றினால் கிருமியும் இறங்கி வரும் என்பதே இதன் பாடம்.

நம் குள்ளஞ்சாவடிப் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான்: தொண்டை வலிக்கு நீங்களாகவே மெடிக்கலில் அசித்ரோமைசின் கேட்டு வாங்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பென்சிலின் மாத்திரை பத்து நாளைக்கு எழுதினால், மூன்றாம் நாளே வலி போனாலும் பத்து நாளும் கொடுங்கள்.