மாநாடு முடிந்தபின் எஞ்சுவது: கல்கத்தா 1901 முதல் ஹரிபுரா 1938 வரை

பசுமைக் கருத்தரங்கு என்னும் தொடர் இன்று பல்கலைக்கழக அழைப்பிதழ்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. நெகிழிப் புட்டிக்கு மாற்றாக எவர்சில்வர் தம்ளர், ஃபிளெக்சுக்கு மாற்றாகத் துணிப் பதாகை என்பதோடு பெரும்பாலும் அதன் பொருள் முடிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் சில நாள் கூடிப் பிரியும் இடத்தில் எஞ்சும் கழிவை யார் கையால் அகற்றுவது என்னும் வினாவோ, இந்தியப் பொதுவாழ்வில் 'சுற்றுச்சூழல்' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்டது.

1901 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி ரிப்பன் கல்லூரியில் தங்கவைக்கப்பட்டார். அங்குக் கண்டதைத் தம் சுயசரிதையில் தயக்கமின்றிப் பதிவு செய்துள்ளார். எங்கும் நீர் தேங்கிக் கிடந்தது. கழிப்பிடங்களோ மிகச் சில. தொண்டர்களிடம் சுட்டிக்காட்டியபோது, அது தங்கள் வேலையன்று, தோட்டியின் வேலை என்றனர். காந்தி துடைப்பம் ஒன்றைத் தேடிப் பெற்றுக் கழிப்பிடத்தைத் தாமே கழுவினார். ஆனால் அது தம் ஒருவரின் தேவைக்கு மட்டுமே போதுமாயிருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். இரவில் அறைக்கு வெளியே தாழ்வாரத்தையே கழிப்பிடமாக்கிக்கொண்ட பிரதிநிதிகளும் இருந்தனர். மாநாடு இன்னும் சில நாள் நீடித்திருந்தால் கொள்ளைநோய் பரவியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

தமிழ்ப் பிரதிநிதிகளைப் பற்றியும் அதே பகுதியில் ஒரு குறிப்பு உண்டு; தமிழ் வாசகர் கடந்துபோக இயலாத குறிப்பு அது. உண்ணும்போது பிறர் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதியதால் அவர்களுக்கெனக் கல்லூரி வளாகத்தில் தட்டி மறைத்த தனிச் சமையற்கட்டு அமைக்கப்பட்டது. சமைப்பது, உண்பது, கை கழுவுவது அனைத்தும் புகை மூச்சுமுட்டும் அந்த ஒரே அடைப்புக்குள் நடந்தன. தட்டியும் மூங்கிலும் மண்ணோடு மக்கும் பொருள்களே. எனினும் அந்தச் சமையற்கட்டை இன்று எவரும் பசுமை முன்மாதிரியாகக் காட்டத் துணியார்.

1921இல் அகமதாபாத் மாநாட்டில் நாற்காலிகள் அகற்றப்பட்டன. பிரதிநிதிகள் தரையில் அமர்ந்தனர். கூடாரங்கள் கதரால் ஆயின. அடுத்த பெரிய மாற்றம் வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1936 டிசம்பரில், ஜவாஹர்லால் நேருவின் தலைமையில், கிழக்குக் காந்தேசத்தின் பைஸ்பூரில் காங்கிரஸ் முதன்முறையாக ஒரு கிராமத்தில் கூடியது. பந்தலையும் வாயில்களையும் வடிவமைக்கும் பொறுப்பு சாந்திநிகேதனின் நந்தலால் போஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓவியரான அவர் கட்டடப் பணிக்குத் தாம் பொருத்தமானவரா என்று தயங்கியே ஏற்றார். மூங்கில் முதலாக அப்பகுதியில் கிடைத்த பொருள்களைக் கொண்டே அந்தத் தற்காலிக நகர் எழுந்தது. ஆயினும் பைஸ்பூரின் சிறப்பை மூங்கிலோடு முடித்துவிடும் கலை வரலாற்று நூல்கள் பாதியைத்தான் சொல்கின்றன. கல்கத்தாவில் தொண்டர்கள் மறுத்த மலம் அள்ளும் வேலையை இங்கு அப்பாசாகேப் பட்டவர்த்தனின் வழிகாட்டலில் தொண்டர்களே செய்தனர். பட்டவர்த்தன் பிராமணர். திட்டமிடுவோர் ஒரு சாராராகவும் கழிவை அள்ளுவோர் வேறொரு சாராராகவும் இருந்த ஏற்பாடு அங்கே, சில நாள்களுக்கேனும், தளர்ந்தது.

கிராமத்தைத் தேர்ந்தெடுப்பதாலேயே எளிமை கைகூடிவிடாது என்பதற்கு 1938 பிப்ரவரியில் தபதிக் கரையிலுள்ள ஹரிபுராவில் நடந்த மாநாடு சான்று. வல்லபாய் பட்டேலின் நிர்வாகத் திறன் அங்கு முழு வீச்சில் வெளிப்பட்டது. விட்டல்நகர் என்று பெயரிடப்பட்ட குடியிருப்பு, மின்விளக்கும் குடிநீர் ஏற்பாடும் கொண்ட நகரமாகவே உருவெடுத்தது. தலைவர் சுபாஷ் சந்திர போஸ் 51 காளைகள் பூட்டிய தேரில் வந்தார். கிராம மாநாடு மிகக் குறைந்த செலவில் நடக்கவேண்டும் என்று வற்புறுத்திவந்த காந்தி, பெருஞ்செலவு குறித்த தம் அதிருப்தியை மறைக்கவில்லை. வசதி பெருகப் பெருக, கிராமம் மாநாட்டின் முகவரியாக மட்டுமே எஞ்சியது என்று கொள்வதில் தவறில்லை.

அந்த ஹரிபுராவுக்காகவே நந்தலாலும் கலாபவன மாணவர்களும் கைத்தயாரிப்புத் தாளில், எளிய வண்ணங்களால், ஏறத்தாழ 400 சுவரொட்டிகள் தீட்டினர். நந்தலால் தம் கையால் வரைந்தவை எண்பதுக்கும் மேற்பட்டவை. உழவர், தச்சர், பஞ்சு கொட்டுபவர், மத்தளம் வாசிப்பவர் ஆகியோரே அவற்றின் மாந்தர். கலைக்கூடத்துக்கு ஒருபோதும் சென்றிராத கிராமத்தார் வழிநடையிலேயே பார்க்கும்படி அவை திறந்தவெளியில் மாட்டப்பட்டன. சில நாள் பயன்பாட்டுக்கென்று தீட்டப்பட்ட அத்தாள்களில் ஒரு பகுதி இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. விட்டல்நகரின் கம்பங்களும் கம்பிகளும் மாநாடு முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்டன.