சிறு தரவுத்தொகுப்புப் பொதிதல்

சிறு தரவுத்தொகுப்புப் பொதிதல் என்பது ஐ.பி.எம் மெயின்ஃபிரேம் கணினிகளில், நெடுநாள் பயன்படுத்தப்படாத சிறிய கோப்புகள் பலவற்றை ஒரே கொள்கலக் கோப்பினுள் சேர்த்து வைக்கும் சேமிப்பு முறை ஆகும். இது இசட்/ஓ.எஸ் இயக்குதளத்தின் டி.எஃப்.எஸ்.எம்.எஸ்-எச்.எஸ்.எம் என்னும் கூறினால் செய்யப்படுகிறது. மெயின்ஃபிரேம் வழக்கில் கோப்பு, தரவுத்தொகுப்பு என அழைக்கப்படும்.

பின்னணி

இக்கூறு சேமிப்பிடத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. பயனர் வட்டுகள் நிலை 0 ஆகும். நிலை 1 வட்டிலும், நிலை 2 பெரும்பாலும் காந்த நாடாவிலும் அமையும். குறிப்பிட்ட நாட்கள் பயன்படாத தரவுத்தொகுப்புகள் கீழ்நிலைகளுக்கு இடம்பெயர்க்கப்படுகின்றன. பயனர் அவற்றை மீண்டும் அணுகும்போது அவை தாமாகவே பயனர் வட்டுக்கு மீட்கப்படும்.

சிக்கல்

வட்டில் ஒரு தரவுத்தொகுப்புக்கு ஒதுக்கப்படும் மிகக்குறைந்த இடம் ஒரு தடம் ஆகும். 1989இல் அறிமுகமான 3390 வகை வட்டின் ஒரு தடம் 56,664 பைட்டுகள் வரை கொள்ளும். 80 பைட்டு நீளமுள்ள 50 பதிவுகளைக் கொண்ட தரவுத்தொகுப்பின் அளவு 4,000 பைட்டுகள் மட்டுமே. அதனைத் தனியே நிலை 1 வட்டில் வைத்தால் தடத்தில் ஏறத்தாழ 93 விழுக்காடு வீணாகும். வட்டின் உள்ளடக்க அட்டவணையிலும் ஒரு பதிவு செலவாகும்.

செயல்முறை

நிலை 1 வட்டில் வி.எஸ்.ஏ.எம் வகையைச் சேர்ந்த, திறவுகோல் வரிசையுடைய கொள்கலம் ஒன்று உருவாக்கப்படுகிறது. நிருவாகி குறித்த அளவை மீறாத தரவுத்தொகுப்புகள் அதனுள் பதிவுகளாக எழுதப்படுகின்றன. கொள்கலம் நிரம்பியிருந்தாலோ கிடைக்காவிட்டாலோ, அவை வழமைபோல் தனித் தரவுத்தொகுப்புகளாக இடம்பெயரும்.

மேலாண்மை

* ஒரே நேரத்தில் இயங்கும் இடம்பெயர்த்தல் பணிகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் கொள்கலங்கள் இருத்தல் வேண்டும். இல்லையெனில் பணிகளிடையே போட்டி ஏற்பட்டுப் பொதிதலின் பயன் குறையும்.
* மீட்கப்பட்டவற்றின் பதிவுகள் நீக்கப்படுவதால் கொள்கலத்தினுள் வெற்றிடங்கள் சிதறும். ஆகவே, இடையிடையே ஐடிகேம்ஸ் நிரலால் மறுசீரமைத்தல் தேவை.
* அளவு வரம்பைப் பெரிதாக வைத்தால் கொள்கலம் விரைவில் நிரம்பும்.

குறைபாடு

இம்முறையில் இடம் மிச்சமாகும் எனினும், தனித்தனியே இருந்த தரவுத்தொகுப்புகள் ஒரே கொள்கலத்தைச் சார்ந்திருக்க நேர்கிறது. அது பழுதுற்றால் அதிலுள்ள அனைத்தும் ஒருங்கே பாதிக்கப்படும். எனவே, இடம்பெயர்க்கும் முன்னரே காப்புப்படி எடுத்துவைத்தல் இன்றியமையாதது.