சேரிக் குழந்தையும் மாண்டிசோரிக் கல்வியும்

'மாண்டிசோரி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மக்கள் மனத்தில் தோன்றுவது கட்டணம் மிகுந்த பள்ளியும், கழுத்துப்பட்டை அணிந்து ஆங்கிலம் பேசும் குழந்தையுமே ஆகும். அது வசதி படைத்தோர்க்கு உரியது என்று ஒதுங்குவோர் ஒருபுறம். கடன்பட்டேனும் அதைப் பெற்றுவிட வேண்டும் என்று துடிப்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் அக்கல்வியின் வரலாற்றை அறிந்திலர். அறிந்தால், அது யாருக்காகத் தோன்றியது என்பது விளங்கும்.

இத்தாலி நாட்டில் 1870ஆம் ஆண்டு பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். ரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் பகுதி, அன்று கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் கேட்பாரற்றுத் திரிந்தனர். அவர்கள் கட்டடச் சுவர்களைப் பாழ்படுத்தாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்கள் விரும்பினர். அப்பொறுப்பை ஏற்ற அம்மையார், 1907 சனவரி 6ஆம் நாள் அங்கே 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். படிக்காதவரின் பிள்ளைகள் என்று எவராலும் பொருட்படுத்தப்படாதவர்கள், கைக்குப் பொருளும் அமைதியான சூழலும் கிடைத்தவுடன் தாமே எழுதவும் படிக்கவும் தொடங்கினர். உலகம் வியந்தது. ஆக, மாண்டிசோரிக் கல்வியின் பிறப்பிடம் மாளிகையன்று. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பே.

அதற்கு 13 ஆண்டுகள் முன்பே நம் சென்னையில் வேறொரு விதை ஊன்றப்பட்டிருந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், 1894ஆம் ஆண்டு அடையாற்றை அடுத்த ஊரூரில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரே சூட்டப்பெற்றது. பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் தொடர்பு கொண்டு உழைத்ததை நாம் அறிவோம். கிண்டர்கார்டன் என்னும் குழந்தைக் கல்வி முறை அப்பள்ளிகளில் கையாளப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. எனினும் அன்று அவை தொடக்கக் கல்வியளவிலேயே நின்றன. ரோமில் குழந்தைகள் இல்லம் திறந்த அதே 1907ஆம் ஆண்டில்தான் ஆல்காட் மறைந்தார். பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் பிறந்தது.

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சபையின் அப்போதைய தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அம்மையாரே தம் மகன் மரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் முதற்பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார். கேட்போரோ தமிழ், தெலுங்கு, குசராத்தி எனப் பல தாய்மொழிகளைக் கொண்டோர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அந்நாட்டவர் என்பதால் மரியோ சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார். நாடு திரும்ப இயலாத அம்மையார் 1946 வரை இங்கேயே தங்கிப் பணியாற்றினார்.

மொழி பற்றி அவர் கூறிய கருத்து நமக்கு மிகவும் வேண்டியது. பிறந்தது முதல் 6 வயது வரை குழந்தை தன்னைச் சூழ்ந்த மொழியை, மண் நீரை உறிஞ்சுவது போல, ஆசிரியர் இன்றியே ஈர்த்துக்கொள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் புழங்கினால் இரண்டையும் அது பெறவல்லது. ஆனால் அம்மொழி அன்போடும் பொருளோடும் அதன் காதில் விழவேண்டும். பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கச் செய்வது இருமொழிக் கல்வி ஆகாது. தாய்மொழியில் பேச்சு வேரூன்றிய குழந்தைக்கு இரண்டாம் மொழி எளிதில் வரும்; வேரில்லாத குழந்தை இரண்டிலும் தடுமாறும்.

அம்மையார் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, அவற்றைக் குழந்தை விரலால் வருடும்படி செய்தார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் மணலில் விரலால் எழுதும் வழக்கம் இருந்தது. மணலும் விரலும் நம் பிள்ளைகளுக்கும் இருந்தன. திண்ணையில் ஏறும் உரிமை மட்டும் இல்லை. ஆகவே நாம் இழந்தது அறிவையன்று, வாய்ப்பையே என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

அடையாற்றிலிருந்து பரவிய முறை பெரும்பாலும் நகரத்துக் கட்டணப் பள்ளிகளிலேயே தங்கிவிட்டது. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பணம் வேண்டியிருந்தமை ஒரு காரணம்; ஆங்கில மோகம் மற்றொன்று. அரசும் வாளாவிருக்கவில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகள் சேரிகளுக்கும் வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநில அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பாயில் அமர்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்து, தத்தம் வேகத்தில் பிள்ளைகள் பயின்ற அம்முறையில் மாண்டிசோரியின் சாயல் தெளிவாகவே இருந்தது. 2019 சனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 சூனில் அவற்றைப் பள்ளிகளில் நிறுத்தும் முடிவு வெளியாயிற்று. எதிர்ப்பு எழுந்தபின் தொடர்வதாக அரசு அறிவித்தது. குரல் கொடுத்ததால் நிலைத்தது, கொடாதிருந்தால் போயிருக்கும்.

இனி நம் ஊரை நோக்குவோம். மீஞ்சூர் வட்டாரம் ஒரு மொழி மட்டும் வழங்கும் இடமன்று. தமிழும் தெலுங்கும் இங்கே தொன்றுதொட்டு வழங்குவன. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும், காட்டுப்பள்ளித் துறைமுகமும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் ஒடியா, வங்காளி, இந்தி பேசும் உழைப்பாளரைக் கொண்டுவந்துள்ளன. நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடியக் குழந்தைகளுக்கு அவர்தம் மொழிப் பாடநூல்களைக் கொண்டே பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டதும் உண்டு. சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. சான் லோரென்சோவில் அன்று இருந்த நிலைக்கும், தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குச் செல்லும் இன்றைய நம் குடியிருப்புகளின் நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆதலின் நம் சங்கம் அடுத்த 25 ஆண்டுகளுக்கு ஏற்கத்தக்க பணி ஒன்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். இதுவரை உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு உதவினோம். இனி மூன்று வயதுக் குழந்தையையும் நோக்குவோம். விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும். எழுத்துக்கு அட்டையும் உப்புத்தாளும் போதும். படித்த நம் பெண்கள் இருவர் முன்வந்தால், ஒருவர் தமிழிலும் மற்றவர் எளிய ஆங்கிலத்திலும் நாள்தோறும் குழந்தைகளோடு பேசலாம். அண்டை வீட்டு ஒடியக் குழந்தையையும் அங்கே அமர்த்துவோம்; நம்மைத் திண்ணையில் ஏற்றாதவர்களின் வழியை நாம் பின்பற்றலாகாது. அதனுடன், நம் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளி மழலையர் வகுப்பிலும் ஆசிரியர் உள்ளாரா, பொருள்கள் உள்ளனவா என்று கேட்கும் உரிமையையும் விடாது கைக்கொள்வோம்.

பெயர்ப்பலகையை நம்பிக் கடன்படவேண்டா, இளைஞர்களே. ஏழையின் குழந்தைக்காகப் பிறந்த கல்வி இது. அதை நம் தெருவுக்கே மீட்டுக் கொணர்தல் நம் கடமையாகும்.